அரசர் நனையாமல் நனைந்த கதை

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குக் காது பெரிதாகவும் வேலை சிறிதாகவும் இருந்த நாளில், அதிவீரவளவன் என்றொருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அவர் அவையில் ஒரு வழக்கம் உண்டு. குடிமக்கள் தங்கள் குறையை அரசரிடம் நேரே சொல்லக் கூடாது. அரச காதுக்கு அது அவமரியாதையாம். வாசலில் சொல்ல வேண்டும். ஆஸ்தானப் புலவர் நாவரசர் அதைப் பாட்டாக்கி உள்ளே வந்து பாடுவார். அரசர் "ஆஹா!" என்பார். பாட்டில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம்.

ஐப்பசி மழையில் ஆலங்கரை ஏரி உடைந்தது. நாவரசர் பாடினார்:

"நீர்மகள் எழுந்தாள், ஊர்மகளைத் தழுவினாள்!"

யாரோ இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டார்கள் என்பது மட்டும் அரசருக்கு எட்டியது. மனம் குளிர்ந்து, ஆளுக்கொன்றாக இரண்டு பட்டுப்புடவை அனுப்பிவைத்தார்.

கொஞ்ச நாளில் அந்த ஊர்க் கருப்பாயி அரண்மனை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பட்டுச் சேலையையும் சுருட்டி உடைப்புல அடைச்சுப் பாத்தாச்சு சாமி, நிக்கல. என் எருமையைத் தண்ணி கொண்டுபோயிருச்சு. கரையைக் கட்டாட்டி, அடுத்த மழைக்கு ஊரே இருக்காது."

அங்கே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த அவை விகடன் பிச்சாண்டி இதைக் கேட்டான். நாவரசரும் கேட்டார். கேட்டுவிட்டு, உள்ளே போய் நீர்மகளை மறுபடியும் தழுவ விட்டார்.

"மறுபடியுமா!" என்றார் அரசர். "என்ன பாசம்! இன்னும் இரண்டு பட்டு அனுப்புங்கள்."

பின்னாலேயே உள்ளே வந்திருந்த பிச்சாண்டிக்குச் சிரிப்பில் கடலை புரையேறிவிட்டது.

"ஏன் சிரித்தாய்?"

"அரசே, பாட்டு தங்கள் காது வரைக்கும் வந்தது. உள்ளே போக வழி தெரியாமல் நிற்கிறது."

அரசர் முகம் சிவந்தது. "அப்படியானால் நீ உள்ளே அனுப்பு, பார்ப்போம்!"

பிச்சாண்டியைத் துரத்த வெகுகாலமாக வழி தேடிக்கொண்டிருந்த நாவரசர் எழுந்தார். "வேந்தே, என் பாட்டுக்கு மேல் இவன் ஒரு செய்தியும் சொல்லக் கூடாது. வரைந்து காட்டக் கூடாது, நடித்துக் காட்டக் கூடாது. தோற்றால் பாதி மீசையை மழித்து, கழுதை மேல் வாலைப் பார்த்து உட்கார வைத்து, நாடு கடத்த வேண்டும்."

"சொல்லத்தானே கூடாது, புலவரே? கேட்கலாமா?"

"கேள், தாராளமாகக் கேள்."

பிச்சாண்டி அரசரிடம் திரும்பினான். "அரசே, கண்ணை மூடிக்கொள்கிறீர்களா? ஏரிக்கரையில் நிற்கிறீர்களா?"

"நிற்கிறேன்."

"காலடியில் என்ன?"

"சேறு. சீச்சீ, விரலிடுக்கில் ஏறுகிறது."

"தண்ணீர் எதுவரை?"

"கணுக்கால். இரு... முழங்கால்!"

"என்ன நிறம்?"

"செம்மண் நிறம். என்னவோ மிதந்து வருகிறது. பானை."

"பானைக்குள்?"

"சோறு." அரசர் குரல் இறங்கியது. "பாதி வெந்த சோறு."

"யார் வீட்டு அடுப்பிலிருந்து?"

அரசர் மூடிய கண்ணோடு குனிந்து அடுப்பைத் தேடினார்.

"அது என்ன சத்தம், அரசே?"

"எருமை கத்துகிறது. மூக்கு மட்டும்தான் தெரிகிறது. ஐயையோ, அதுவும் போயிற்று!"

சொல்லிக்கொண்டே அரசர் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றார். "யாரங்கே! கரையை அடையுங்கள்!" அமைச்சரை யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை; அவரும் மூடியிருந்தார் போலிருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வாயில்காப்போன் தூணைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"அநியாயம்!" என்று கத்தினார் நாவரசர். "பானை என் பாட்டில் இல்லை! எருமையும் இல்லை!"

"நான் சொன்னேனா? அரசர் சொன்னார். அரசர் பொய் சொல்கிறார் என்கிறீரா?"

நாவரசர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி அந்த அவை அதுவரை பார்த்ததில்லை.

அரசர் கண்ணைத் திறந்து, வேட்டியை இறக்கி, இல்லாத ஈரத்தைப் பிழிந்தார். "எல்லா ஆட்களும் இன்றே ஆலங்கரைக்குப் புறப்படட்டும். நானும் வருகிறேன். அந்த எருமைக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கு என் தொழுவத்திலிருந்து ஓர் எருமை கொடுங்கள். நாவரசரே, இனிமேல் எதையும் முதலில் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுப் பாடும். பழகிக்கொள்ளும், இப்போதே மூடும். கழுதை தெரிகிறதா?"

"தெரிகிறது, வேந்தே."

"மேலே யார்?"

நாவரசருக்கு வியர்த்தது. "தெரிந்தவர் மாதிரி இருக்கிறது."

"எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்?"

"வால் பக்கம்தான், வேந்தே. மீசையும்... பாதிதான் இருக்கிறது."

அரசர் கிரீடம் கழன்று விழச் சிரித்தார். "அது போதும், இறங்கும்! பிச்சாண்டி, உனக்கும் ஓர் எருமை தருகிறேன். எங்கே, கண்ணை மூடு பார்ப்போம்!"

"மன்னிக்க வேண்டும், அரசே. எருமையைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்குவேன். கண்ணை மூடினால் பால் மட்டும் வரும், சாணி வராது. அடுப்புக்கு வறட்டி எதில் தட்டுவது?"

அரசர் மறுபடியும் சிரித்தார். எருமை வந்தது. வந்த உடனேயே, அவை நடுவில், சாணியும் போட்டது.