அழுங்கு ஏன் முகம் காட்டுவதில்லை

மிருகங்கள் பேசிக்கொண்டும், மலையடிவாரத்தில் சபை கூடிச் சட்டம் போட்டுக்கொண்டும் இருந்த காலம் அது. அந்த நாட்டுக்குக் காட்டெருமை அரசன். உடம்பெல்லாம் செதில் போர்த்த, எறும்பு தின்னும் அழுங்கு அதற்குக் குரு. அழுங்கு சபையில் எல்லார் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்துத்தான் பேசும்.

மலைச்சாமியின் வாக்கு ஒன்று அங்கே வழங்கிவந்தது: “என் மடியில் இருப்பவரை நெருப்பு தொடாது.”

ஒரு கோடையில் மழையே இல்லை. புல் காய்ந்து சலசலத்தது. எல்லையில் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாதபடி வெற்றுத்தரை விடவேண்டும் என்று சருகுமான் சபையில் கேட்டது. அதற்கு இரண்டு சின்னக் குட்டிகள்.

“சாமியே காப்பதாகச் சொன்னபிறகு அதெல்லாம் எதற்கு?” என்றது அழுங்கு.

“வாக்கில் நெருப்பு என்பது கோபம், குருவே. எங்கள் பக்கம் அப்படித்தான் பொருள் சொல்வார்கள்.”

“நெருப்பு என்றால் நெருப்புதான். புல்லில் கைவைக்கிறவர்கள் சாமியை நம்பாதவர்கள்.”

சபை தலையாட்டியது. காட்டெருமைக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் நம்பிக்கையில்லாத அரசன் என்று பெயரெடுக்க அதற்கு மனமில்லை. புல்லைச் செதுக்குகிறவர்களை நாட்டைவிட்டே விரட்டுவது என்று சட்டம் போட்டது.

பத்தாம் நாள் நடுப்பகலில் தீ வந்தது.

அழுங்கு புகையைப் பார்த்தது. வாக்கைச் சொல்ல வாய் திறந்தது. அதற்குள் அதன் கால்கள் மண்ணைத் தோண்டத் தொடங்கிவிட்டன. ஆழமாகத் தோண்டி உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. தலைக்கு மேலே குளம்புகள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெளியே வந்தபோது காடு கரியாகக் கிடந்தது. ஆற்றுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். சருகுமானின் பக்கத்தில் ஒரு குட்டிதான் நின்றது.

அழுங்கின் செதில்களில் ஒட்டியிருந்த ஈரமண்ணைச் சருகுமான் பார்த்தது.

“நெருப்பு தொடாது என்றீர்களே, குருவே,” என்றது மெதுவாக. “அப்புறம் எதற்குக் குழி தோண்டினீர்கள்?”

தானே நம்பாத ஒன்றைச் சொல்லித்தான் ஊரையே கட்டிப்போட்டோம் என்பது அழுங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

“சட்டம் போட்டவன் நான்,” என்றது காட்டெருமை, தரையைப் பார்த்தபடி. யாரும் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை.

எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் அழுங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூக்கை மெல்ல மடித்து, முகத்தை வயிற்றுக்குள் புதைத்து, வாலால் மூடிக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவிழவில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான், காலடி அரவம் கேட்டாலே அழுங்கு பந்தாகச் சுருண்டு முகத்தை ஒளித்துக்கொள்வது.