வித்தவுட்டுக்கு விக்கல்

விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புகிறார்கள். இது முற்றிலும் தவறு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்றொரு தசை இருக்கிறது. அது யாரையும் கேட்காமல் சுண்டி இழுத்துக்கொள்வதுதான் விக்கல். நினைப்பவர்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை. மேற்கொண்டு படிக்கும் முன் வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு திருத்தமும் உண்டு. குரு என்றால் சீடரைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கதையின் குரு தில்லைநாயகிக்கு நாற்பத்தொரு வயது. சீடர் அருளானந்தத்துக்கு ஐம்பத்தேழு. இருவரும் மருத்துவர்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் குறையை ஸ்கேனில் கண்டுபிடிப்பதில் சீடரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதைக் கற்கத்தான், அப்படிப்பட்ட பெற்றோருக்குத் துணையிருக்கும் தில்லைநாயகியிடம் வந்து சேர்ந்தார். குரு சீடரை ‘சார்’ என்று அழைத்தார்.

ஒரு நாள் காலை சீடர் குருவின் அறைக்குள் வந்து நின்றார்.

“மேடம், வெளியே பிரம்மசக்தி வந்திருக்காங்க.”

“கண்டக்டர் வீட்டம்மாவா?”

“ஆமா. என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் தெரியல.”

பிரம்மசக்திக்கு அது ஆறாவது மாதம். குழந்தையின் இதயத்தில் இடது பாதி வளரவில்லை. அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை என்று இதய மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள். பிறந்தால் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். கலைத்துவிடுவதா, தொடர்வதா என்று கணவனும் மனைவியும் பேசித் தொடர்வதென முடிவெடுத்திருந்தார்கள். அவர்கள் வேறு முடிவெடுத்திருந்தாலும் குரு அதே நாற்காலியில் அதே போலத்தான் அவர்களோடு உட்கார்ந்திருப்பார்.

“என்ன கேட்டாங்க?”

“எல்லாரும் அந்தப் பிள்ளை மேல ஆசை வைக்காதன்னு சொல்றாங்களாம். ஆசை வைக்கலாமா, கூடாதான்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

குரு எழுந்தார். “வாங்க சார், ஸ்கேன் போடலாம்.”

“போன வாரம்தானே மேடம் போட்டோம்?”

“வாங்க.”

பிரம்மசக்தி கட்டிலில் படுத்தாள். கைகள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வயிற்றின் மேல் தவறியும் பட்டுவிடக் கூடாது என்பது போல. கணவன் சுயம்புலிங்கம் சீருடையிலேயே வந்திருந்தான். சுவரை ஒட்டி நின்றான்.

சீடர் கருவியை வைத்த நொடியில் இதயம் திரைக்கு வந்தது. படத்தை நிறுத்தி, அளவெடுக்கத் தொடங்கினார்.

“அதைத்தான் பார்த்தாச்சே சார். வேற எதையாவது காட்டுங்க” என்றார் குரு.

“வேற என்ன மேடம் இருக்கு?”

“தேடிப் பாருங்க.”

சீடர் தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போலத் தேடினார். ஒரு பாதம் வந்தது. ஐந்து விரல்கள். சுயம்புலிங்கம் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

“பெருவிரல் தனியா நிக்கி பாருங்க. எங்கய்யாவுக்கு அப்படித்தான். செருப்பு வாங்க நாலு கடை ஏறணும்.”

பிரம்மசக்தி திரையைப் பார்க்கவில்லை. மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அதுக்கு வலிக்குதா டாக்டர்?”

குரு சொன்னார். “இல்லம்மா. வெளியே வந்தாத்தான் அந்த இதயம் போதாது. உள்ளே இருக்கிறவரைக்கும் அதுக்கும் சேர்த்துத்தான் நீங்க மூச்சு விடுறீங்க. அந்தப் பாதி இதயம் மொத்த வேலையையும் தானே பார்த்துக்குது. இப்போ அதுக்கு ஒரு குறையும் இல்ல.”

இது சீடருக்குத் தெரியாத செய்தி அல்ல. மாணவர்களுக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் அன்றுதான் அது அவர் காதில் விழுந்தது. கருவியை மறுபடி நகர்த்தினார். திரையில் அந்தப் பாதி இதயம் அடித்துக்கொண்டிருந்தது. பாதி என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. அவர் அளவெடுக்க மறந்தார்.

பிரம்மசக்தி மெல்லத் தலையைத் திருப்பினாள்.

அப்போது குழந்தை துள்ளியது. சில நொடி கழித்து மறுபடியும் துள்ளியது.

“ஐயோ, என்ன அது குதிக்கி?”

“விக்கல்மா” என்றார் சீடர். எத்தனையோ குழந்தைகளிடம் அதைப் பார்த்திருக்கிறார். எந்தத் தாயிடமும் சொன்னதில்லை. அது நோயல்ல என்பதால் சொல்லத் தோன்றியதில்லை.

“ஏட்டி, வித்தவுட்டுக்கு விக்கல் எடுக்கு!” என்று சுயம்புலிங்கம் கத்தினான்.

டிக்கெட் எடுக்காமல் பஸ்சில் ஏறி உட்கார்ந்துகொண்ட ஆள் என்று, மூன்றாம் மாதத்தில் அவன் வைத்த பெயர் அது. குறை தெரிந்த நாளிலிருந்து அவன் அதை உச்சரிக்கவில்லை. இப்போது உச்சரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

“யாரோ நெனைக்காவ போல” என்றாள் பிரம்மசக்தி.

“யாரு நெனைப்பா? அதுக்கு நம்ம ரெண்டு பேரை விட்டா யாரைத் தெரியும்?”

“நான் நெனைக்கல. நெனைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“அப்ப நாந்தான்” என்றான் அவன். “பஸ்சுல வேற என்ன சோலி எனக்கு. நேத்து ஒருத்தனுக்கு ரெண்டு தடவை மீதி குடுத்துட்டேன்.”

அவள் சிரித்தாள். சிரித்ததில் வயிறு குலுங்கி, திரையில் படம் கலைந்தது. சீடர் மறுபடி பிடித்துக் கொடுத்தார். விக்கல் நின்றபாடில்லை.

“சார், கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள் பிரம்மசக்தி.

“உங்களுக்கா?”

“அதுக்குத்தான்.”

“அதுக்கு விக்கல் எடுத்தா நீ குடிப்பியாட்டி?” என்றான் சுயம்புலிங்கம்.

“வேற எப்படிக் குடுக்க?”

தாய் தண்ணீர் குடிப்பதால் அந்த விக்கல் நிற்காது என்பதற்குச் சீடரிடம் வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றைச் சொல்ல வாயைத் திறந்தார். குரு அவரைப் பார்த்தார். சீடர் கருவியைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு, தானே வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிரம்மசக்தி ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மறு கையில் டம்ளரை வாங்கி, நிதானமாகக் குடித்தாள். திரையில் குழந்தை இன்னும் இரண்டு முறை துள்ளியது. பிறகு நின்றுவிட்டது. இதற்கும் தண்ணீருக்கும் எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை.

“பிள்ளை தண்ணியக் குடிச்சிட்டுத் தூங்கிட்டு, பாருங்க” என்றாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

குரு கருவியை எடுக்கவில்லை. நால்வரும் தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு சீடர் திரையை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை.

“மேடம், ஆசை வைக்கலாமான்னு கேட்டாங்களே. அதுக்கு நீங்க கடைசிவரைக்கும் பதில் சொல்லலையே?”

“திரும்பக் கேட்டாங்களா சார்?” என்றார் குரு.

சீடர் திரையை அணைத்தார்.

அடுத்த மாதம் அவர்கள் சொந்தபந்தம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துக் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். ஸ்கேன் அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குமேல் நிற்க இடமில்லை. சீடர் அன்று மதியம் சாப்பிடவில்லை.