புளிக்குத் தப்பிய டாலர்

தூத்துக்குடியில் பழைய நாணயம் வாங்கி விற்கும் பொன்னுதுரை, கடைப் பலகையில் தன் பேருக்கு முன்னால் ‘நாணயப் பேரரசர்’ என்று தானே எழுதிக்கொண்டவர். சந்தையில் புளி விற்கும் சந்தனமாரி, கப்பலில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன அமெரிக்க வெள்ளி டாலரை அவரிடம் கொண்டுபோனாள்.

பேரரசர் அதை விளிம்பில் மட்டும் பிடித்து, லென்ஸில் பார்த்து, பட்டுத்துணியில் பதமாக வைத்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“கறுத்துப்போன காசும்மா. இருநூறு ரூவா தாரேன். இதுக்கு மேல எவனும் தரமாட்டான்.”

குப்பைக்கு எதுக்குப் பட்டுத்துணி என்று சந்தனமாரிக்குத் தோன்றியது.

“கறுப்புதான் கொறையா அண்ணாச்சி? இப்பமே பளபளன்னு ஆக்கித் தாரேன்” என்று டாலரை எடுத்துக்கொண்டு, கூடையிலிருந்து புளியை எடுத்து உருட்டினாள்.

“ஐயோ, தேய்ச்சிராதம்மா!” பேரரசர் மேசையைத் தாண்டியே வந்துவிட்டார். “பழைய காசுன்னா அந்தக் கறுப்புக்குத்தான் வெலையே! தேய்ச்சா அம்புட்டும் போயிரும்!”

கடையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருநூறு ரூவாதானே அண்ணாச்சி, போனாப் போகட்டும். நீங்க எம்புட்டு போயிரும்னு இப்படிப் பதறுதீய?”

அதன்பிறகு புளி காசை நெருங்க நெருங்க, விலை ஏறிக்கொண்டே போனது. அன்று சந்தையில் வேறு எவள் புளிக்கும் அப்படியொரு விலை கிடைக்கவில்லை.