பாட வராதவரின் கைகள்

உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையாவது முடிந்துவிட வேண்டும். அதனால் சாலேம்நகர் ஆட்கள் கருக்கலிலேயே எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கும் முன்னால் எழுகிறவர் மாசிலாமணியார். உப்பு வாரும் பலகையைச் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் சாய்த்து வைப்பார். உள்ளே போய்ப் பெருக்குவார், பாய்களை உதறிப் போடுவார். பிறகு பீடத்தைப் பார்த்து, “ஆண்டவரே, வேலைக்குப் போயிட்டு வாரேன்” என்று வீட்டில் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். நீளமான ஜெபம் அவருக்கு வராது. உப்புநீரில் வெடித்த பாதங்களும் காய்த்துப்போன உள்ளங்கைகளுமாக, அந்த ஒரு வரியை அவர் ஒருநாளும் சொல்லாமல் போனதில்லை.

ஆண்டவர் அவருக்கு எல்லாம் கொடுத்தார், ராகத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். ஆராதனையில் அவர் வாய் திறந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும், பின்வரிசை பாட்டை விட்டுவிடும். பழைய உபதேசியார் ஒருவர் தன்மையாகவே, “மாசிலாமணி, ஆண்டவர் மனசுக்குள்ள பாடுறதையும் கேப்பார்” என்று சொல்லிப் பார்த்தார். ஆனாலும் உள்ளத்தில் பொங்குவதை வாய்க்குள் பூட்டி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி கிருபைக்கனி அம்மையாருக்கோ தேன் குரல். இருவருக்கும் பிள்ளைச் செல்வம் இல்லை. ஞாயிறுதோறும் மாலையில் உப்பளத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லிப் பாட்டுக் கற்றுக் கொடுத்தார் அம்மையார். “ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளருமாம். தன் பிள்ளை எங்கேன்னுதான் தெரியல” என்று தண்ணீர்க் குழாயடியில் சிலர் கேலி பேசினார்கள். அம்மையார் காதில் அது விழாமல் இல்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “ஞாயித்துக்கிழம பிள்ளைகள மறக்காம அனுப்பிருங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்.

கணவரையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ள அம்மையார் ஒரு வழி கண்டார். “நீங்க வாயத் தொறக்க வேண்டாம், கையத் தொறந்தாப் போதும்” என்றார். அன்றிலிருந்து அம்மையார் பாட, வலப்பக்கம் நின்று மாசிலாமணியார் கையால் செய்து காட்டினார். உப்பளத்துப் பிள்ளைகளுக்கென்றே அம்மையார் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்:

கடல்தண்ணி வந்துச்சே, பாத்தி நெறஞ்சிச்சே,
வெயிலு வந்து தொட்டதுமே வெள்ளையாச்சே.
என் மனசுத் தண்ணியையும் ஏசுவே தொடும்,
எல்லாரு சோத்துக்கும் ருசியாகட்டும்.

முதல் அடிக்குக் கைகள் அலையாக வந்து பாத்தியாகக் குவியும். அடுத்ததற்கு விரல்கள் வெயிலாக இறங்கும். மூன்றாவதற்கு நெஞ்சைத் தொடுவார்கள். கடைசி அடியில், ஒரு சிட்டிகை உப்பைக் கிள்ளுவதுபோல் கிள்ளி இடப்பக்கம் நிற்பவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். மாசிலாமணியாரின் இடப்பக்கம் நின்றது அம்மையார்தான். பாட்டு முடியும்போதெல்லாம் அவர் கையை நீட்டி அந்த இல்லாத உப்பை வாங்கிக்கொள்வார். எத்தனையோ வருடங்கள் இப்படியே போயின. பாடிய பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, தங்கள் பிள்ளைகளை அனுப்பும் காலமும் வந்தது.

ஒரு மழைக்காலத்தில், உப்பளம் மூடிக் கிடந்த நாட்களில், அம்மையாருக்கு மஞ்சள் காமாலை கண்டது. வைத்தியம் பலிக்கவில்லை. “பிள்ளைகள விட்டுராதீங்க” என்றதுதான் கணவரிடம் அவர் கடைசியாகச் சொன்னது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு மாலை, பிள்ளைகள் வருவார்களோ மாட்டார்களோ என்று ஊரார் பார்த்திருக்க, மாசிலாமணியார் பாயை விரித்துப்போட்டு மணியை அடித்தார். பிள்ளைகள் வந்தார்கள். பாட ஆள் இல்லை. ஆகவே அவரே பாடினார்.

அங்கேதான் வினை வந்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடத்துச் சிறுவர் ஞாயிறு ஆராதனையில் வரிசையாக நின்று, மாசிலாமணியாரின் கோணல் ராகத்தை ஒரு நெளிவும் பிசகாமல் பாடினார்கள். சபை சிரித்தது. அதிலும் கடைசி அடியில் எல்லாப் பிள்ளைகளும் இடப்பக்கம் திரும்பி, பக்கத்துப் பிள்ளையை விட்டுவிட்டு வெறும் காற்றில் உப்பை வைத்தார்கள். அம்மையார் போனபின் மாசிலாமணியார் அப்படித்தான் வைத்துவந்தார். அதுதான் பாடம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள்.

சிரிப்பு அவரைச் சுடவில்லை. கேலி அவருக்குப் பழகியது. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. கிருபைக்கனியின் ராகம் இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. அதை அழித்தது தம் வாய்தான். மறுநாளே, முன்பு பாடிய பெண்களை வீடு வீடாகத் தேடிப்போனார். சிறுவயதில் அம்மையாரிடம் பாட்டுக் கற்ற ரெபேக்காள் இப்போது உப்பு மூட்டை தைக்கும் வேலையில் இருந்தாள். “மறந்து போச்சு மாமா. வாயில வரமாட்டேங்கு. நீங்க பாடிக் காட்டுங்க, வருதான்னு பாப்போம்” என்றாள். அவர் பாடிக் காட்டினார். அதன்பின் வருவதாக இருந்ததும் வராமல் போயிற்று.

அடுத்த சிறுவர் ஞாயிறு நெருங்கியது. சபைச் செயலர் தனசிங் கெட்டவர் அல்லர், சபைக்குத் தலைகுனிவு கூடாது என்று நினைப்பவர். “அண்ணாச்சி, இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா டவுன்லருந்து கீபோர்டு வாசிக்கிற டீச்சர வச்சிருவோம். அவங்க புதுப் பாட்டு சொல்லிக் குடுப்பாங்க. ஒமக்கும் வயசாகுதுல்லா” என்றார். மாசிலாமணியார் நேரே சிற்றாலயத்துக்குப் போனார். பீடத்தின் முன் முழங்காலிட்டார். “ஆண்டவரே, அவ பாட்ட நான் கெடுத்துட்டேன். ஒம்ம பிள்ளைகளையும் எங்கிட்டருந்து எடுத்துக்கிடாதேயும். என் வாய நான் மூடிக்கிடுதேன். கை இருக்கு, அத எடுத்துக்கிடும்.” அவர் வாழ்நாளில் செய்த நீளமான ஜெபம் அதுதான்.

சிறுவர் ஞாயிறு வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், சபையைப் பார்த்தபடி வலக்கோடியில் மாசிலாமணியார் நின்றார். தமக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார். பாட்டு என்று அறிவித்தார்கள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு கைகளை அலையாக எழுப்பினார். பிள்ளைகளின் கைகளும் எழுந்தன. அவர் சொல்லி வைத்தபடி பிள்ளைகள் ஒருவரும் பாடவில்லை. சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசையில் தனசிங் தலையைக் குனிந்துகொண்டார்.

கைகள் பாத்தியாகக் குவிந்த நேரம், பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ரெபேக்காள், மடியில் தூங்கிய குழந்தையோடு, தான் பாடுவது தனக்கே தெரியாமல் பாடினாள். கோணல் ராகம் காதில் விழுந்தபோது வராத பாட்டு, காது சும்மா இருந்தபோது கையைக் கண்டு தானாக வந்துவிட்டது. அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி, பிறகு ஆண்கள் பக்கத்திலும் சில குரல்கள். அம்மையாரிடம் பாடிய அத்தனை பேரும், மீசை வைத்தவர்கள்கூட, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திப் பாடினார்கள்.

மாசிலாமணியார் முகத்தில் கண்ணீர் ஓடியது. ஆனாலும் கைகள் பிசகவில்லை. கடைசி அடி வந்தது. பழக்கம் போல உப்பைக் கிள்ளி, அந்த வெற்றிடத்துப் பக்கம் திரும்பினார். அங்கே ரெபேக்காள் வந்து நின்றிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையின் உள்ளங்கையை நீட்டினாள். அவர் வைத்தார். அவள் அதை வாங்கித் தன் இடப்பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். அது வரிசை முழுவதும் போயிற்று.

ஆராதனை முடிந்ததும் தனசிங் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளைகள் ஒம்மகிட்டயே வரட்டும் அண்ணாச்சி.”

“நான் பாடமாட்டேனே.”

“பாடவே வேண்டாம்” என்றார் தனசிங் அவசரமாக. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணியாரும் சிரித்தார்.

அன்று எல்லாரும் போனபின் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, அவர் பீடத்தைப் பார்த்தார். தாம் தொலைத்ததாக அழுததை ஆண்டவர் தொலையவிடவில்லை, ஊரார் பிள்ளைகளின் தொண்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தார் என்று கண்டுகொண்டார். “அவ பாட்டக் கேட்டேன் சாமி” என்று மட்டும் சொன்னார்.

பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு ஒரு சபையையே பிள்ளையாகத் தந்தவருக்குத் தோத்திரம். வாய் தோற்ற இடத்தில் கைகளைக் கொடுத்து, மனைவியின் பாட்டை மறுபடி கேட்டு மகிழ்ந்த அடியார் மாசிலாமணியாரின் நினைவு, சோற்றில் உப்புப் போல நம்மிடம் கரைந்திருப்பதாக.