முதலாளி வைத்த பொட்டு

மில் முதலாளி திருமூர்த்திக்குக் கார் போதவில்லை, ஒரு குட்டி விமானமே வாங்கிவிட்டார். ஆயுதபூஜைக்கு மறுநாளிலிருந்து அது அடம்பிடித்தது. தரையில் ஓடவிட்டுப் பார்த்தால் கால் மணி நேரத்தில் எஞ்சின் இருமி நின்றுவிடும். டேங்கைத் திறந்தால் பெட்ரோல் நிறைய இருக்கும். மூடிவிட்டுக் கிளப்பினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். எஞ்சினியர் பம்பை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

முதலாளியின் கோபம் விமானம் கழுவும் மயிலாத்தாள்மேல் திரும்பியது.

"நீதான் டேங்குக்குள்ள தண்ணியை விட்டிருப்பே! சாயந்திரத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா உனக்கு வேலை கிடையாது."

"காரணம் தெரிஞ்சா, அதுக்குக் காரணமானவங்களை என்னங்க பண்ணுவீங்க?"

"அந்தக் கை அப்புறம் என் விமானத்துல படாது!"

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்ற மயிலாத்தாள், எஞ்சின் அடுத்த தடவை நின்றதும் ஏணி வைத்து இறக்கைமேல் ஏறி டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் நடுவே முதலாளி தன் கையாலேயே அப்பிய சந்தனப்பொட்டு காய்ந்து இறுகியிருந்தது.

"யாரும் அழிக்கக் கூடாதுன்னீங்க, நானும் அதைச் சுத்தியேதானுங்க கழுவுனேன். பொட்டுக்கு அடியில காத்துப் போற ஓட்டை இருக்குது. காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படிங்க இறங்கும்?"

குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினாள். எஞ்சின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

முதலாளி உற்சாகமாக விமானக் கதவுக்குக் கை நீட்டினார். மயிலாத்தாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"இருங்க, நான் திறந்து விடுறேனுங்க. நீங்க கையை வெச்சுராதீங்க!"