வீடு திரும்பாத அத்தர்

அந்தக் காலத்தில் பூவும் பேசும், மரமும் பேசும், வாசனையும் வாய் திறந்து பேசும். என்ன பேசி என்ன, வாசனைக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. காலையில் ஊர் சுற்றக் கிளம்பும். பொழுது சாய்ந்தால் பிறந்த மண்ணுக்கு ஓடிவிடும்.

காயல் கரையில் மைமூன் என்று ஒருத்தி. அவள் புருஷன் கலந்தர் கிழக்கே மலாக்காவுக்குக் கப்பலேறியவன், பாரசீகத்தில் வாங்கிய தன் சால்வையைப் புதுப்பெண்ணின் மடியில் போட்டுவிட்டுப் போனான். பாரசீக ரோஜாவின் வாசனை தினமும் மேல்காற்றில் வந்து சால்வையில் உட்காரும். மைமூன் அதில் முகம் புதைத்துக் கிடப்பாள். மச்சான் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். அந்தியானால் வெறும் துணி. அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் வாசனை சொன்னது: “காற்று திசை மாறுது, மைமூன். நாளையிலிருந்து நான் வர முடியாது.”

“மச்சான் வர்ற வரைக்குமாவது இரேன்.”

“என் பூ வழி பார்த்துக்கிட்டிருக்குமே.”

“நானும்தானே வழி பார்த்துக்கிட்டிருக்கேன்?”

ஆசை அவள் கண்ணை மறைத்தது. சந்தன எண்ணெயைச் சூடாக்கிச் சால்வையை முக்கினாள். பிழிந்ததைக் குப்பியில் ஊற்றி இறுக மூடினாள். வாசனை உள்ளே கிடந்து அழுதது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மாறிய காற்றிலேயே கலந்தர் வந்து சேர்ந்தான். பூரித்துப்போன மைமூன் ஓடிப்போய்க் குப்பியைத் திறந்தாள். “காற்று மேற்கே போகுது. கிளம்பு, உன்னை மறக்க மாட்டேன்.”

வாசனை எழும்பப் பார்த்தது. முடியவில்லை.

“நான் என்ன செய்ய?” என்றது சந்தனம். “கலந்தது கலந்ததுதான்.”

மைமூன் உட்கார்ந்து அழுதாள். பிரிவு எப்படிச் சுடும் என்று தெரிந்தவளே இப்படிச் செய்துவிட்டாள். “உன் பேரையாவது சொல்லு,” என்றாள்.

“அரபு நாட்டில் இத்ர், என் ஊரில் அத்ர். இரண்டுக்கும் நறுமணம் என்று அர்த்தம். இங்கே யார் என்னை அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்?”

“நான் கூப்பிடுறேன். ஊரையும் கூப்பிட வைக்கிறேன். வீட்டைப் பறிச்சவ பேரையும் பறிக்க மாட்டேன்.”

அவள் நாக்குக்கு அது அத்தர் என்றுதான் வந்தது. வாசனைக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் அவள் தம்பி மீரான் மேற்கே பாரசீகத்துக்குக் கப்பலேற விடைபெற வந்தான். அவன் புறங்கையில் ஒரு சொட்டு தடவினாள். “இந்தச் சொட்டாவது வீடு போய்ச் சேரட்டும், தம்பி.”

அன்று முதல்தான் நம் ஊரிலும் அத்தருக்கு அத்தர் என்றே பேர். வீட்டிலிருந்து கிளம்புகிறவர் புறங்கையில் அதைத் தடவி அனுப்புவதும் அன்று முதல்தான். அந்தியில் முகர்ந்து பாருங்கள், அது இன்னும் கிளம்பத்தான் பார்க்கிறது.