தளவாய் கோளரி நடந்த பாதை

முன்னொரு காலத்தில் மெல்லாறு என்றொரு ஆறு, அதன் கரையில் ஒரு சின்ன ஊர், அந்த ஊருக்கு ஒரு ராஜா. நாடு உள்ளங்கை அகலம்தான். சபையில் சண்டை மட்டும் வானளவு. கொளுத்தும் வெயிலில் கடைத்தெரு வழியாக இடிபட்டு வருகிறவர்கள், வந்ததும் வராததுமாகக் கத்துவார்கள். ராஜாவுக்குத் தினமும் மண்டையிடி.

ஒருநாள் ராஜா தம் அமைச்சர் நல்லாதனைக் கூப்பிட்டார்.

"ஓய், ஆற்றோரமாகச் சபைக்கு ஒரு நடைபாதை போடும். கோபத்தோடு அதில் கால் வைத்தவன் கோபமில்லாமல் இங்கே வந்து சேர வேண்டும். முடியாவிட்டால் பதவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்!"

தளவாய் கோளரிக்குக் காதில் தேன் பாய்ந்தது. அமைச்சர் பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, முதல் ஆளாக நானே நடக்கிறேன். குற்றங்குறையைச் சபையிலேயே சொல்கிறேன்" என்றார்.

பாதை தயாரானது. பட்டு வேட்டியும் சரிகைச் செருப்புமாகத் தளவாய் கிளம்பினார். ஆறு திரும்பிய இடத்திலெல்லாம் பாதையும் திரும்பியது. 'குற்றம் ஒன்று, கோணல்' என்று முணுமுணுத்துக்கொண்டார். சற்றுத் தள்ளி ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடியது. பாலமே இல்லை! 'குற்றம் இரண்டு. தொலைந்தான் நல்லாதன்!'

ஆனால் தாண்டியாக வேண்டுமே. செருப்பைக் கையில் எடுத்தார், வேட்டியைத் தூக்கிக் கட்டினார், இறங்கினார். கணுக்கால் வரை குளிர்ந்த தண்ணீர். அயிரை மீன்கள் வந்து விரல்களைக் கொத்தின. கூச்சம் தாங்காமல் தளவாய் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! மருதமர நிழல் தண்ணீரில் அசைந்தது. ஒரு கொக்கு அவரைப் பார்த்தது. அவரும் கொக்கைப் பார்த்தார். நேரம் எங்கே போயிற்றென்று இருவருக்குமே தெரியாது.

அக்கரையில் பிள்ளைகள் பனங்காய் வண்டி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, ஒரு வாட்டி ஓட்டிப் பாக்குறியா?" என்றாள் ஒரு பொடிசு.

தளவாயை 'நீ' என்று கூப்பிட ஊரில் ஆள் கிடையாது. இன்றைக்கு அது ஏனோ இனித்தது.

சபையில் நல்லாதன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடகடவென்று சத்தம் கேட்டது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் பனங்காய் வண்டியோடு தளவாய் நுழைந்தார். செருப்பைக் கண்டதும் முன்வரிசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்ன குற்றம் கண்டீர்? சொல்லும்!" என்றார் ராஜா.

தளவாய் யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார்.

"ஏதோ ரெண்டு இருந்தது, மகாராஜா. மீன் கொத்தினபோது தண்ணீரில் விழுந்துவிட்டது போல."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஓய் நல்லாதா, பாலம் ஏன் போடவில்லை?"

"பாலம் போட்டால் கோபமும் கூடவே நடந்து வந்துவிடும், மகாராஜா. வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறவன் யாரிடம் சண்டை போடுவான்?"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று தளவாய்க்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்தது. சபையே சிரிக்க, "இந்த நல்லாதனை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்!" என்று பல்லைக் கடித்தபடி விறுவிறுவென்று வெளியேறினார்.

வீட்டுக்குப் போனது அதே ஆற்றங்கரைப் பாதையில்தான்.